சிறு பிள்ளையுடன் தமிழகத்தில் வீதிப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு பிள்ளைகளுடன் வெளிநாடு செல்வோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே வகைப் பயணத்தைப் பற்றியவையாக இருந்தன. விமானத்திலோ கப்பலிலோ தமிழகத்தில் போய் இறங்கி, அங்கே வாகனம் ஒன்றை அமர்த்திக்கொண்டு, ஊர் ஊராக வீதி வழியே செல்லும் குடும்பப் பயணம்தான் அது. ஆகவே இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.

என் மகளுக்கு மூன்று வயது. கணவர், மாமனார், மாமியாருடன் பத்து நாட்கள் தமிழகம் செல்ல எண்ணியுள்ளோம். சென்னையில் இறங்கி, சிதம்பரம், வேளாங்கண்ணி, தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமேஸ்வரம், பழனி, கொடைக்கானல், குருவாயூர் ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டு, மீண்டும் சென்னைக்கு வந்து விமானம் ஏறுவதாகத் திட்டம். பிள்ளை இதைத் தாங்குவாளா?
– வாசகி, உப்புவெளி

தாங்கமாட்டாள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மாமனாரும் மாமியாரும் தாங்குவார்களா என்பதும் ஐயத்துக்குரியதே. நீங்கள் எழுதிய இடங்களை அதே ஒழுங்கில் சுற்றிச் சென்னைக்குத் திரும்பினால் வீதித் தூரம் 1,800 கிலோமீட்டருக்குக் குறையாது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குள்ள தூரத்தை ஏழு தடவை ஓடுவதற்கு அது சமம். வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் கழித்துவிட்டால், எஞ்சிய எட்டு நாட்களிலும் நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலங்கள் பிள்ளை வாகனத்துக்குள் இருந்தாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் அகலமானவை, ஓட்டத்துக்கு இலகுவானவை என்பது உண்மைதான். ஆயினும் நகரங்களுக்குள் நுழைவதற்கும் அவற்றைவிட்டு வெளியேறுவதற்கும் ஆகும் நேரம் நாம் வீட்டில் இருந்து போடும் கணக்கில் வருவதேயில்லை.

தலங்களின் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, மகளின் ஒரு நாளைத் தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறாள், எப்போது பசிக்கிறது, மத்தியானம் எப்போது தூங்குகிறாள், எத்தனை மணிக்குப் பிறகு அழத் தொடங்குகிறாள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழகத்தின் பெரிய கோயில்களில் பெரும்பாலானவை விடியற்காலையில் திறந்து, நண்பகல் பன்னிரண்டரை மணியளவில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளையின் நாளும் ஏறக்குறைய இதே போக்கில்தான் நகர்கிறது. காலை ஆறு மணிக்கு அவளும் விழித்திருப்பாள், கோயிலும் திறந்திருக்கும், கருங்கல் தரையும் குளிர்ந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் வெளிப் பிராகாரத்தில் பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலுடன் நடப்பது பெரியவர்களுக்கே கடினம். மதிய உணவை முடித்துப் பன்னிரண்டரை மணிக்கு அடுத்த ஊருக்குப் புறப்பட்டால், அவள் வாகனத்தில் உறங்கிவிடுவாள், நடை சாத்தியிருக்கும் நேரமும் வீணாகாது, மூன்று மணியளவில் விடுதி அறைக்குள் நுழைந்துவிடலாம். பிள்ளைக்காகத் தரிசனத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று மாமியார் மனம் வருந்தாமல் இருப்பதற்கு இந்த ஒழுங்கு பெரிதும் உதவும்.

இந்தக் கணக்கின்படி ஒரு நாளில் ஓடக்கூடிய தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அதுவும் ஒன்றுவிட்ட நாட்களில்தான். எனவே சென்னையை முற்றாக விட்டுவிடுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. பலாலியிலிருந்தும் திருச்சிக்கு 2025 இல் சேவை தொடங்கியது. திருச்சியில் இறங்கி அங்கேயே மூன்று இரவுகள் தங்கினால், ஸ்ரீரங்கத்தை ஒரு காலையிலும், அறுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்திலுள்ள தஞ்சாவூரை இன்னொரு காலையிலும் பார்க்கலாம். பிறகு மதுரைக்குப் போய் மூன்று இரவுகள். எஞ்சும் நாட்களுக்குப் பழனி, இராமேஸ்வரம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மதுரையிலிருந்து விமானம் ஏறுங்கள். வீட்டில் யாருக்காவது நேர்த்திக்கடன் இருந்தால் அந்தத் தலமே முதலிடம் பெறட்டும். அதைவிடுத்துப் பக்கத்து வீட்டார் போய் வந்தார்கள் என்பதற்காகச் சேர்த்த இடங்களை வெட்டிவிடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. குருவாயூர் வேறு மாநிலத்தில் இருப்பதால் வாகனத்துக்குத் தனி அனுமதிக் கட்டணமும் வரும்.

இராமேஸ்வரத்தைத் தேர்ந்தால் இரண்டு செய்திகளை நினைவில் வைத்திருங்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவோரால் கோயிலின் உட்புறம் எந்நேரமும் நனைந்து வழுக்கும். ஆகவே பெரியவர்கள் முறைவைத்து நீராட, ஒருவர் பிள்ளையுடன் உலர்ந்த பிராகாரத்தில் இருக்க வேண்டும். தனுஷ்கோடி முனைவரை இப்போது நல்ல வீதி உண்டு. ஆனால் அங்கே நிழல் இல்லை என்பதால் காலை எட்டு மணிக்கு முன் போய்த் திரும்பிவிடுங்கள். 1964 டிசெம்பரில் அந்த ஊரை அழித்த புயல், நமது திருகோணமலைக் கரையைத் தாக்கிவிட்டுச் சென்ற அதே புயல்தான். மாமனாரிடம் கேட்டால் அவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. பிள்ளைகளுக்கான கார் இருக்கையைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னபோது பயண முகவர் சிரித்தார். இந்தியாவில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லையாம். மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதாதா?
– வாசகர், சாம்பல்தீவு

போதாது. முகவரின் சிரிப்பை நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாகனத்துக்குள் இருக்கப்போவது அவருடைய பிள்ளையன்று.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் எதன்மீதோ மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று கொள்ளுங்கள். வாகனம் நின்றாலும், உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். 15 கிலோ எடையுள்ள பிள்ளையை அந்தக் கணத்தில் நிறுத்திவைப்பதற்குச் சுமார் 300 கிலோ எடையைத் தாங்குமளவு விசை வேண்டும். ஆறு சீமெந்துப் பைகளை இரு கைகளால் தடுத்து நிறுத்தக்கூடிய தாயோ தகப்பனோ இல்லை. நெடுஞ்சாலையில் வேகம் இரட்டிப்பாகும்போது மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. தாய் ஆசனப்பட்டி அணியாமல் பிள்ளையை மடியில் வைத்திருந்தால், முன்னால் தூக்கியெறியப்படும் அவருடைய உடலே பிள்ளையை நசுக்கிவிடும். ஒரே பட்டியை இருவரையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது அதைவிட ஆபத்தானது. ஏனெனில் அப்போது தாயின் முழுப் பாரமும் பட்டிக்கும் தனக்கும் இடையில் அகப்பட்ட பிள்ளைமீது இறங்குகிறது. ஒன்று முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகள் கார் விபத்தில் இறக்கும் ஆபத்தை முறையான இருக்கை 54 சதவீதம் குறைக்கிறது என்பது அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. கைக்குழந்தைகளுக்கு அது 71 சதவீதம்.

சட்டமும் முகவர் சொல்வதற்கு எதிராகவே இருக்கிறது. 2019 இல் திருத்தப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினான்கு வயது நிறையாத பிள்ளையை ஆசனப்பட்டியாலோ பிள்ளைகளுக்குரிய இருக்கையாலோ பாதுகாக்காமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் தண்டம் உண்டு. பொலிஸார் அதற்காக வாகனங்களை அடிக்கடி மறிப்பதில்லை என்பது வேறு விடயம்.

இருக்கை வாங்குவதைப் பொறுத்தவரை, நமது நகரக் கடைகளில் தெரிவுகள் குறைவு. லண்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினரிடம் கேட்டால், தங்கள் பிள்ளை பயன்படுத்தியதைக் கொண்டுவந்து தருவார்கள். பழையதை வாங்கும்போது அது விபத்தில் சிக்காதது என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியத் தரச் சான்றைக் காட்டும் செம்மஞ்சள் நிற ஒட்டுத்தாளும் காலாவதித் திகதியும் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனின் எடைக்கு, தோளிரண்டு, இடுப்பிரண்டு, கால்களுக்கிடையில் ஒன்று என ஐந்து இடங்களில் பிடிக்கும் பட்டியுள்ள இருக்கை பொருந்தும். வாகனத்தின் ஆசனப்பட்டியாலேயே கட்டக்கூடிய வகையாக இருந்தால் எந்த வாகனம் வந்தாலும் பொருத்தலாம். கொக்கியில் மட்டும் மாட்டும் வகையை நம்பிப் போனால், பழைய டாக்சிகளில் கொக்கி இல்லாமல் ஏமாற நேரிடும். விமானத்தில் பொதியாகக் கொண்டுசெல்வதற்குக் கட்டணம் உண்டா என்று விமானச் சேவையிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அங்கே போனதும் உங்களுக்குச் சிக்கல் தரப்போவது வாகனத்தின் பின் ஆசனம்தான். டாக்சிகளில் அழகுக்காகப் போடும் ஆசன உறைகளுக்கு அடியில், பட்டியைப் பூட்டும் கொளுவிகள் புதைந்து கிடக்கும். "பின் ஆசனத்தில் ஆசனப்பட்டிகள் வேலை செய்ய வேண்டும், கொளுவிகள் வெளியே தெரிய வேண்டும்" என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டு, முதல் நாள் காலையில் அரை மணித்தியாலத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். இந்தியாவிலும் நம் நாட்டைப் போல இடப்பக்க ஓட்டமே என்பதால் இருக்கையை இடப்புறத்தில் பொருத்துங்கள். அப்போது பிள்ளையை வீதியோரமாக இறக்கலாம். பொருத்திய பின் அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது. பிள்ளையின் தோளில் பட்டியை விரல்களால் கிள்ளி மடிக்க முடியுமானால் அது தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

மகன் அழுவான் என்று அஞ்சுகிறீர்களானால், இருக்கையை இன்றே வாங்கி வீட்டின் கூடத்தில் வைத்துவிடுங்கள். அதில் இருந்து சாப்பிடட்டும், விளையாடட்டும். பிறகு நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் போகும்போது அதில் இருத்திக் கொண்டுபோங்கள். புதிய நாட்டில், புதிய வாகனத்தில், புதிய இருக்கையையும் சேர்த்து ஒரே நாளில் அறிமுகம் செய்தால் எந்தப் பிள்ளையும் அழவே செய்யும். இருக்கை எவ்வகையிலும் கிடைக்காத நிலையில், பின் ஆசனத்தில் தனியே இருத்தி, இடுப்புப் பட்டி தொடையோடு ஒட்டியிருக்கும்படி பூட்டுவது மடியில் வைப்பதைவிட மேலானது. ஆயினும் பத்து நாள் பயணத்துக்கு அதை ஒரு வழியாகப் பரிந்துரைக்க என்னால் இயலாது.

இரண்டு வயது மகனுடன் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் சென்று, நாகூர் தர்காவில் ஸியாரத்தை முடித்துக்கொண்டு, வாகனத்தில் ஊட்டி செல்ல விரும்புகிறோம். கப்பல் பிள்ளைக்கு ஒத்துவருமா?
– வாசகர், கிண்ணியா

நாகூருக்குப் போகிறவர்களுக்குக் கப்பலைவிட நேர்வழி கிடையாது. இறங்கும் துறைமுகத்திலிருந்து தர்கா சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகளுக்குப் பின் 2023 ஒக்டோபரில் தொடங்கிய இச்சேவை சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடற்பயணம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஜனவரிவரை, கடல் கொந்தளிப்பதால் சேவை நிறுத்தப்படுவதுண்டு. மற்ற மாதங்களிலும் காற்றின் காரணமாக நாள் தள்ளிப்போகலாம். எனவே ஊட்டியில் விடுதியைப் பதிவுசெய்யும்போது ஒரு நாள் இடைவெளி விட்டுப் பதிவுசெய்யுங்கள்.

கடல் அலை இரண்டு வயதுப் பிள்ளையை வருத்துவது குறைவு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயணக் குமட்டல் அரிதாகவே வருகிறது. கூட வரும் பெரியவர்களுக்கே பெரும்பாலும் தலைசுற்றும். பிள்ளையை வருத்தப்போவது கப்பலுக்கு முந்திய வீதிதான். கிண்ணியாவிலிருந்து காங்கேசன்துறைக்கு 250 கிலோமீட்டர்வரை ஓட வேண்டியிருப்பதால், முதல் நாளே யாழ்ப்பாணம் சென்று இரவு தங்கிவிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவின் இணையவழி விசா, குறித்த சில விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக நுழைவதற்கு மட்டுமே செல்லும். பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் விசா நாகபட்டினத்துக்குப் பொருந்துமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடமும் விசா இணையத்தளத்திலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாகபட்டினத்திலிருந்து ஊட்டி 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் போகாமல் திருச்சியில் ஓர் இரவும் கோயம்புத்தூரில் ஓர் இரவும் தங்கிச் செல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் 2005 முதல் யுனெஸ்கோ மரபுச் சின்னங்களுள் ஒன்று. ஆனால் 46 கிலோமீட்டரை ஏறிமுடிக்க அது நான்கரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் இரண்டு வயதுப் பிள்ளை பாதியிலேயே சலித்துவிடும். குன்னூரிலிருந்து ஊட்டிவரையான பகுதியில் மட்டும் ஏறினால் பிள்ளையும் மகிழும், நீங்களும் மகிழ்வீர்கள்.

வாகனம் அமர்த்தும்போது எவற்றைப் பேசி முடிவுசெய்ய வேண்டும்? நானே ஓட்டலாமா?
– வாசகர், தம்பலகாமம்

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் நீங்களே ஓட்டலாம். அதை இங்கே வழங்குவது இலங்கை ஓட்டோமொபைல் சங்கம். ஆனால் பிள்ளையுடன் போகும் முதற் பயணத்தில் உள்ளூர்ச் சாரதியை அமர்த்துவதே நல்லது என்பது என் கருத்து. பின் ஆசனத்தில் பிள்ளை வாந்தியெடுக்கும்போது வீதியைப் பார்க்கும் ஒருவரும் பிள்ளையைப் பார்க்கும் ஒருவரும் வேண்டும்.

வாகனத்தின் இலக்கத் தகடு மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் தகடு தனியாரின் சொந்த வாகனத்துக்குரியது. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டவிரோதம் என்பதோடு, விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. வாடகை கிலோமீட்டர் கணக்கில் பேசப்படும். நீங்கள் குறைவாக ஓடினாலும் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர்வரை குறைந்தபட்சக் கணக்காக எழுதுவது வழக்கம் என்பதால், பிள்ளைக்காகக் குறைந்த தூரம் ஓடும் உங்களுக்கு நாள் வாடகையாகப் பேசுவதே இலாபம். சாரதி பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், மலையேறும் கட்டணம், ஓர் ஊரில் ஏறி வேறோர் ஊரில் இறங்கினால் வாகனம் வெறுமனே திரும்புவதற்கான கட்டணம் ஆகியவை தொகைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பின் ஓடுவதில்லை என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். முந்திய இரவு வேறு பயணத்தை முடித்துவிட்டு உறக்கமின்றி வரும் சாரதிகள் உண்டு. காலையில் அவருடைய கண்களைப் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

நான்கு வயது மகள் கண்டி வீதியிலேயே வாந்தியெடுப்பவள். கொடைக்கானல் போகலாமா?
– வாசகி, பாலையூற்று

போகலாம். ஆனால் அதற்கென்று ஒரு பகலை ஒதுக்க வேண்டும். வத்தலக்குண்டு வழியாக ஏறினாலும் பழனி வழியாக ஏறினாலும் வளைவுகள் நிறைந்த மலைப்பாதை ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வாகனம் வளைவதைக் காதின் உட்பகுதி உணர்ந்துகொண்டிருக்க, கண்கள் அசையாத முன் ஆசனத்தின் முதுகையோ கைத்தொலைபேசித் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மூளை குழம்புவதால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதைத் தாண்டிய பின் பன்னிரண்டு வயதுவரை இத்தொல்லை அதிகம். ஆகவே மலை ஏறும் நேரத்தில் திரையையும் படப் புத்தகத்தையும் எடுத்துவிட்டு, முன் கண்ணாடி வழியே தூரத்து மலையைப் பார்க்கும்படி இருக்கையைச் சற்று உயரமாக வையுங்கள். புறப்படுவதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன் இட்டலி போன்ற எளிய உணவைக் கொடுங்கள். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் ஒரேயளவு தீங்கு செய்பவை. சாளரத்தைச் சற்றுத் திறந்து வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். வாகனத்துக்குள் சாரதி தொங்கவிட்டிருக்கும் வாசனைக் கட்டியைப் பணிவாகக் கேட்டுக் கழற்றிவிடுங்கள். பாதிக் குமட்டலுக்கு அதுவே காரணமாக இருப்பதுண்டு. குமட்டல் மருந்துகளைப் பிள்ளைக்குரிய அளவு தெரியாமல் கொடுக்கக்கூடாது என்பதால் புறப்படுமுன் உங்கள் வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். முதன்முறையாக மலையில் வைத்துக் கொடுக்காமல், வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பார்ப்பதும் நல்லது, ஏனெனில் சில பிள்ளைகள் அம்மருந்தால் உறங்காமல் துள்ளத் தொடங்குவார்கள்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வெளி வாகனங்களுக்கு இணையவழி அனுமதி தேவை. கட்டணம் இல்லை. சாரதியே பெற்றுத் தருவார். ஆயினும் பெற்றுவிட்டாரா என்பதை அடிவாரம் போவதற்கு முதல் நாள் கேட்டுவிடுங்கள். பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல்களுக்கு அங்கே தடை இருப்பதால் எவர்சில்வர்ப் போத்தல்களைக் கொண்டுபோங்கள். திருகோணமலைப் பிள்ளைக்குக் குளிர் பழக்கமில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் மாலை ஐந்து மணிக்கே காதுகளை மூட வேண்டும்.

கைத்தொலைபேசியில் கார்ட்டூன் போட்டுக்கொடுத்தால் பிள்ளை அமைதியாக இருக்கிறான். பிழையா?
– வாசகி, உவர்மலை

நேரான நெடுஞ்சாலையில் கடைசி அரை மணித்தியாலத்துக்குக் கொடுங்கள், பிழையில்லை. முதல் அரை மணித்தியாலத்திலேயே கொடுத்துவிட்டால் பிறகு கொடுப்பதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

அங்கே காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் என்ன செய்வது? எந்தெந்த மருந்துகளைக் கொண்டுசெல்ல வேண்டும்?
– வாசகர், நிலாவெளி

மருந்துப் பையில் முதலில் போட வேண்டியது, நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூளான ஜீவனி. வயிற்றோட்டத்தில் பிள்ளையை வீழ்த்துவது உடலின் நீரிழப்பே. கொதித்தாறிய நீரிலோ முத்திரை உடையாத போத்தல் நீரிலோ பொதியில் குறித்துள்ள அளவில் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் பருக்குங்கள். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நமது 1990 போல அங்கே இலவச அம்புலன்ஸ் சேவைக்கு இலக்கம் 108.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் பாணியை இங்கிருந்தே கொண்டுபோங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நாம் வழக்கமாக வாங்கும் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். அங்கே 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள பாணியும் பரவலாக விற்கப்படுகிறது. இங்கே ஊற்றிய அதே அளவை அங்கே வாங்கிய போத்தலிலிருந்து ஊற்றினால் பிள்ளைக்கு இரட்டிப்பு மருந்து போய்விடும். ஒரு வேளைக்குக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம். அந்த அளவை உங்கள் பிள்ளையின் எடைக்கு வைத்தியரைக் கொண்டே கணக்கிட்டு எழுதுவித்து, தாளைப் போத்தலோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இருமல், தடிமல் பாணிகளை மட்டும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் பரவலாகப் பயன்படும் ஒரு கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023 டிசெம்பரில் அறிவித்தது. நச்சு கலந்த இருமல் பாணியால் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்த செய்தி 2025 ஒக்டோபரில் வெளிவந்ததை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

உணவில் பெரிய சிக்கல் இல்லை. இட்டலி, இடியப்பம், தயிர்ச்சோறு ஆகியவை எங்கும் கிடைக்கும். சட்னியில்தான் கவனம் வேண்டும், அதிலுள்ள தேங்காய் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பால்மாவை மட்டும் பழகிய வகையிலேயே இங்கிருந்து கொண்டுபோங்கள்.

நமது பிள்ளைகளுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மான்களைத் தொட்டுப் பழகியவர்கள் அவர்கள். மலையடிவாரங்களில் திரியும் குரங்கையும் தெருநாயையும் அதே நம்பிக்கையோடு நெருங்குவார்கள். கடியோ கீறலோ பட்டால் உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். பயணம் முடிந்த பின் ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக்கூடாது. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை உடன் வைத்திருங்கள். மூன்று வயதில் போட வேண்டிய இரண்டாவது எம்எம்ஆர் தடுப்பூசி நிலுவையாக இருந்தால் புறப்படுமுன் போட்டுவிடுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போகலாமா?
– வாசகர், அலஸ்தோட்டம்

திருச்சியிலும் மதுரையிலும் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தொடும். அந்த வெயிலில் நிறுத்திவைத்த வாகனத்துக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் மேலும் பத்துப் பாகை உயர்ந்துவிடும் என்பதால், எந்த மாதத்தில் போனாலும் பிள்ளை உறங்குகிறது என்று வாகனத்துக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஒக்டோபர் முதல் டிசெம்பர்வரை அங்கும் நம்மைப் போலவே மழைக்காலம். பள்ளிக்குப் போகாத வயதில் விடுமுறைக் கணக்கு எதற்கு? பெப்ரவரியில் போங்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் மட்டும் பழனிப் பக்கம் போக வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து பழனிவரை வீதியோரம் முழுவதும் பாதயாத்திரை அடியார்கள் நடப்பார்கள். வேளாங்கண்ணிக்கு ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரையான திருவிழாக் காலமும் அப்படியே.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு வயது மகனையும் என் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு நான் மட்டும் போகிறேன். ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருக்கடலூர்

மகனுக்குத் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் வேண்டும். கடவுச்சீட்டை இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்களாயின், கொழும்புக்குப் போகாமல் வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்திலேயே அலுவலை முடிக்கலாம். பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவைப்படும் என்பதால் கணவர் விடுமுறையில் வரும்போதே அதற்கான ஒழுங்கைச் செய்துவைப்பது நல்லது. எல்லோருடைய கடவுச்சீட்டும் பயணத் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும். தகப்பன் உடன்வராத பயணத்தில், மகனை நீங்கள் அழைத்துச் செல்வதில் தமக்குச் சம்மதம் என்று கணவர் எழுதிச் சட்டப்படி சான்றுபடுத்திய கடிதத்தையும், மகனின் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கைப்பையில் வைத்திருங்கள். யாரும் கேட்காமலே போகலாம், ஆனால் கேட்கும் நாளில் அவை இல்லாமல் நிற்க நேரக்கூடாது. நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறி வருவதால், பயணச்சீட்டிலும் விசாவிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் நிரப்புங்கள்.

தமிழகம் போனதும் மொழி ஒன்றாக இருப்பதால் நாம் வெளிநாட்டவர் என்பதையே மறந்துவிடுகிறோம். விடுதிக்காரர் மறக்கமாட்டார். வெளிநாட்டவர் தங்கினால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்தப் பதிவு வசதி இல்லாத சிறு விடுதிகள், குறிப்பாகக் கோயில் வாசல்களுக்கு அருகிலுள்ளவை, இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று சொல்லிவிடுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு விடுதியிலும் முன்பதிவின்போதே இலங்கையர் நால்வர், அவர்களுள் ஒருவர் சிறு பிள்ளை என்று சொல்லிச் சம்மதத்தைத் தகவலாக அனுப்பச் சொல்லுங்கள். மகனுடையதையும் சேர்த்து எல்லோரின் கடவுச்சீட்டு, விசாப் பிரதிகளில் விடுதிக்கு ஒன்று வீதம் எடுத்துக்கொண்டுபோனால், இரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோப் பிரதிக் கடை தேடி அலைய வேண்டியிராது.